ஸ்டேஷன் ரைட்டர் திருத்திய நாடகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இலக்கியப் பக்கத்தில் அதிகாரமும் எழுத்தும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் தடவை படித்தபோது நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை ஒரு வரி உறுத்தியது. ஒடுக்குமுறை இருந்த இடத்தில்தான் பெரிய இலக்கியம் பிறந்திருக்கிறது, ஒருவகையில் எழுத்தாளன் சர்வாதிகாரிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிற மாதிரி ஒரு வரி. அதற்கு உதாரணமாக ரஷ்யா, லத்தீன் அமெரிக்கா, அப்புறம் நம் பக்கம் வந்ததும் பாரதி 1908ல் புதுச்சேரிக்குப் போனது, அங்கே குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தது, பிறகு 1947, சுபம்.

நான் திருமங்கலம் பக்கத்துக்காரன். வாசகசாலைப் பையன்களோடு சேர்ந்து நாடகம் போட்டவன், எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் எழுதவில்லை. ஆனால் ஒடுக்குமுறை எழுத்தை என்ன செய்யும் என்பதை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அது பெரிய இலக்கியம் எதையும் எனக்குக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987 மாசித் திருவிழா. எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர் வாரியதாகக் கணக்கு எழுதியிருந்தார்கள், வாரவில்லை. கூலி ஆட்களின் பட்டியலான மஸ்டர் ரோலில் இருந்த பெயர்களில் இரண்டு பேர் செத்துப்போய் வருஷமாகியிருந்தது. இதை வைத்து ஒன்றரை மணி நேர நாடகம் எழுதினோம். நாடகம் என்றால் பெரிய கலை நுணுக்கம் எல்லாம் கிடையாது. ஒரு கிழவி தன் செத்துப்போன புருஷன் பெயரில் கூலி வாங்கியது யார் என்று தேடிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போவாள், அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் எத்தனை வண்டி மண், வண்டிக்கு எவ்வளவு என்று அவள் வாயால் கணக்கு முழுதையும் படிப்பாள். அந்தக் காட்சிக்காகவே எழுதிய நாடகம் அது.

மைக் செட்டுக்கும் நாடகத்துக்கும் அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்குப் போனபோது, வசனத்தை இரண்டு காப்பி எழுதிக் கொண்டுவா என்றார்கள். கார்பன் தாள் வைத்து நான்கு நாள் ராத்திரி எழுதினேன். சட்டப்படி அதைப் பார்க்க வேண்டியவர் கலெக்டர் அல்லது அவருடைய அதிகாரம் பெற்றவர் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. எங்களுக்கு வாய்த்தவர் ஸ்டேஷன் ரைட்டர். எங்கள் பக்கம் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவரை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் நோட்டில் 'எழுதியவர்' என்று என் பெயர் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவர் கையெழுத்தும் விழுந்தது, அப்போது அது எனக்குச் சிரிப்பாகக்கூடப் படவில்லை.

நல்ல மனிதர், உண்மையாகவே. டீ வாங்கிக் கொடுத்தார். சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு பக்கமாக வந்தார். 'தலைவர்' என்று இருந்த இடத்தை எல்லாம் 'பண்ணையார்' என்று ஆக்கினார். கண்மாய் 'வயல்' ஆயிற்று. கிழவியின் கணக்கை முழுசாக அடித்தார், நம்பர் எல்லாம் எதுக்குத் தம்பி, ஜனங்களுக்குப் போரடிக்கும் என்றார். அப்புறம் வில்லன் வேஷத்துக்கு வந்தோம். நான் அடைப்புக்குறிக்குள் 'தோளில் துண்டு' என்று எழுதியிருந்தேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். வெள்ளைத் துண்டு என்றால் ஒரு கட்சி, கரை போட்டால் இன்னொரு கட்சி, கரையில் எந்தக் கலர் என்று அடுத்த தகராறு, பச்சைத் துண்டு போட்டால் விவசாயச் சங்கம் வரும். கடைசியில் பக்கத்து ஓரத்தில் எழுதினார்: துண்டு வேண்டாம்.

அப்படியே போட்டோம். வில்லனாக நடித்த பையன் ஒரு மாதம் துண்டோடு ஒத்திகை பார்த்தவன், மேடையில் வசனம் பேசப் பேசக் கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டைத் தேடிவிட்டுத் திரும்பும். கூட்டத்துக்கு யார் என்று புரிந்துவிட்டது, விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதைக் கேட்டால் உங்கள் கட்டுரையாளர் சந்தோஷப்படுவார். பார்த்தீர்களா, தடை போட்டதால்தான் கலை நுட்பமானது என்பார். கிழவி கடைசிக் காட்சியில் படிக்க ஒன்றுமில்லாமல் அழுதுவிட்டுப் போனாள், அது அவருக்குத் தெரிய நியாயமில்லை. எவ்வளவு மண், எவ்வளவு பணம் என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டிய நாளில் ஊர் ஒரு பையனின் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிற்று.

அந்தச் சட்டம் எது என்று உங்கள் இளைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. 1954ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிகள் சட்டம். ஆட்சேபகரமான நாடகம் என்று அரசாங்கம் நினைத்தால் நிறுத்தலாம், அதற்காக வசனத்தை முன்கூட்டியே வாங்கிப் பார்க்கலாம். சென்னை என்றால் போலீஸ் கமிஷனர், வெளியூர் என்றால் கலெக்டர். இதற்குத் தாத்தா 1876ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது ஒரு வக்கீல் தன் வீட்டு அந்தப்புரம்வரை அழைத்துப்போய் உபசாரம் செய்ததை அங்கிருந்த நாடகக்காரர்கள் கிண்டல் பண்ணினார்கள். உடனே அவசரச் சட்டம், அந்த வருஷக் கடைசியிலேயே நிரந்தரச் சட்டம். ஒரு வக்கீலைக் கிண்டல் செய்ததற்கு இந்தியா முழுவதும் நாடகக்காரன் நோட்டைத் தூக்கிக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேல் அலைந்தான்.

எங்கள் ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் விட முடியாது. நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் சிவகாசியில் பிறந்தவர், ஆனால் திருமங்கலத்துக்காரர் என்றுதான் நாங்கள் சொல்வோம். முருகன் வேஷத்தில் வந்து 'கொக்குப் பறக்குதடி பாப்பா' பாடுவார், எந்த வெள்ளைக் கொக்கு என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். 29 தடவை கைதானார் என்பார்கள். 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னையில் வேஷத்தோடு மேடையிலேயே உயிரை விட்டார். உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை, சரி, எல்லாப் பெயரும் ஒரு பக்கத்தில் அடங்காது. ஆனால் அவர் நாவிதர் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சேர்ந்து நடிக்க மாட்டோம் என்று சொன்ன நடிகைகள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். வெள்ளைக்காரன் சிறைக்கு அனுப்பினான், சொந்த ஜனம் வள்ளி வேஷம் கட்ட ஆள் தரவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் அவர் பாடினார்.

அவர் காலத்தில் ஏமாற்றவும் கொஞ்சம் இடம் இருந்தது. வெ. சாமிநாத சர்மா எழுதிய பாணபுரத்து வீரன் தடையில் இருந்தபோது டி.கே.எஸ். சகோதரர்கள் அதையே தேசபக்தி என்று பெயர் மாற்றிப் போட்டார்கள். பெயரை மாற்றினால் தெரியாமல் போகிற அளவுக்குத்தான் அதிகாரம் படித்திருந்தது. பர்மா அரசாங்கம் 1928ல் பாரதி பாட்டுக்குத் தடை போட்டதும் சென்னை அரசாங்கமும் பின்னாலேயே போட்டது, செத்து ஏழு வருஷமான மனிதரின் பாட்டுப் புத்தகத்தைத் தேடிப் போலீஸ் போயிற்று. ரங்கூனில் ஒருவர் பயந்தால் மெட்ராஸில் ஒருவருக்கு வியர்க்கும். சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துப் பேசியது பலருக்குத் தெரிந்த கதைதான்.

இதுவரைக்கும் வெள்ளைக்காரன் கணக்கு. எனக்குக் கோபம் வருவது அதற்குப் பிறகு.

1954ல் காங்கிரஸ் ஆட்சி புதுச் சட்டம் கொண்டுவந்தபோது அது யாரை நினைத்து வந்தது என்று யாரும் ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை. எம்.ஆர். ராதா. அவருடைய ராமாயண நாடகம். தடை வந்தால் மறுநாள் வேறு பெயரில் அதே நாடகம் நடக்கும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனசு புண்படும் என்று நினைப்பவன் என் நாடகத்துக்கு வராதே, உன் காசும் எனக்கு வேண்டாம் என்கிற தோரணையில் விளம்பரம் போட்டவர் அவர். திராவிட இயக்கமே அப்போது பாதி மேடையில்தான் இருந்தது. அண்ணா நாடகம் எழுதினார், வேஷமும் கட்டினார். அவர் எழுதிய சிவாஜி கண்ட இந்து ராஜ்யத்தில் நடித்துத்தான் கணேசன் சிவாஜி கணேசன் ஆனார். கருணாநிதிக்குக் கலைஞர் என்ற பட்டத்தைக் கொடுத்தது ராதா, தூக்குமேடை நாடகத்தின்போது. அந்தச் சட்டத்தால் யாருக்கு வலித்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

1967ல் அவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். இதற்குப் பிறகு முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள்: அண்ணா, கருணாநிதி, பையனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்த எம்.ஜி.ஆர்., சினிமாவில் நடித்த ஜானகி, ஜெயலலிதா. முகத்தில் அரிதாரம் பூசியவர்களும் வசனம் எழுதியவர்களும் இத்தனை பேர் வரிசையாக ஆண்ட இடம் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. இவர்களில் ஒருவருக்குக்கூட அந்தச் சட்டத்தைச் சட்டசபையில் கொண்டுவந்து ரத்து செய்யத் தோன்றவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976 பிப்ரவரியில், கைதானவர்களின் பெயரை நேராகப் போட முடியாமல், அண்ணா நினைவு நாளுக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலியில் பட்டியல் போட்டார் கருணாநிதி. தணிக்கை என்றால் என்ன, அதை எப்படித் தாண்டுவது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவர் ஆட்சியிலும் நோட்டு ஸ்டேஷனுக்குத்தான் போயிற்று.

ஒரு கட்சியைத் திட்ட இதை எழுதவில்லை. சட்டத்தைப் பிறப்பித்தது இன்னொரு கட்சி, அடுத்து வந்தவர்கள் வைத்துக்கொண்டார்கள், அதற்கு அடுத்தவர்களும் வைத்துக்கொண்டார்கள். தினமும் எடுத்து அடிக்க வேண்டியதுகூட இல்லை, மூலையில் சாத்தி வைத்திருந்தாலே போதும். எங்கள் ரைட்டருக்கு மேலிடத்திலிருந்து யாரும் போன் பண்ணவில்லை, எனக்கு நிச்சயம் தெரியும். இப்படி ஒரு வழக்கம் இருந்தது, அதனால் செய்தார்.

கடைசியில் கோர்ட்டுதான் செய்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டார், 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு எதிரானவை, செல்லாது என்று சொல்லிவிட்டது. 1967லிருந்து கணக்குப் போட்டால் 46 வருஷம். வெள்ளைக்காரனுடைய 1876 சட்டம் புத்தகத்திலிருந்து போனது 2018 ஜனவரியில். ஞாநி காலமானதும் அதே மாதம்தான். இதை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் ஊர்களில் வசன நாடகம் போடுகிறவர்களே கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தார்கள்.

சட்டம் போனதால் எல்லாம் சரியாகிவிட்டதா? எங்கள் பக்கம் திருவிழா வந்தால் கலை நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுமேல் மனுவாக விழும். போலீஸ் இல்லை என்னும், கோர்ட்டு கொடுக்கும், கூடவே நிபந்தனையும் கொடுக்கும்: ஆபாசம் கூடாது, சாதி, மதம், கட்சி, தலைவர் யாரையும் பற்றிய பாட்டு கூடாது. சாதிச் சண்டை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமான கவலைதான், எங்கள் பக்கத்து நிலவரம் தெரிந்தவன் நான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் சாதியும் மதமும் கட்சியும் தலைவரும் இல்லாமல் ஒரு தமிழ் நாடகத்தில் மிச்சம் என்ன இருக்கும்? துண்டு வேண்டாம் என்பதையே நல்ல தமிழில் டைப் அடித்த மாதிரி இருக்கிறது.

பெருமாள்முருகன் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புக் கிளம்பிய அவருடைய மாதொருபாகன் நாவல் தடை செய்யப்பட்டது என்று பலர் பேசுகிறார்கள். தடை உத்தரவு என்று ஒரு காகிதம் எங்கேயும் இல்லை. 2015 ஜனவரி 12, நாமக்கல் கலெக்டர் ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒன்று நடந்தது, மன்னிப்புக் கேட்டு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக அவர் எழுதிக் கொடுத்தார், பிறகு எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். தடை என்றால் கோர்ட்டில் கேள்வி கேட்கலாம். பேச்சுவார்த்தை என்றால் யாரைக் கேட்பது? நீயாகத்தானே கையெழுத்துப் போட்டாய் என்பார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் அதே மாதிரிதான், நானே பக்கத்தில் உட்கார்ந்து சரி சரி என்று தலையாட்டியிருக்கிறேன். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த எழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது, புத்தகம் பிடிக்காவிட்டால் தூக்கிப் போடு, படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்கிற பொருளில் எழுதியது. ராதா தன் நாடக விளம்பரத்தில் போட்டதும் இதுதான். தீர்ப்பாக வர அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை, என் மனசில் ரொம்ப நாளாக ஓடுவது. அந்த நாவல் தமிழில் வந்தது 2010ல். ஆங்கிலத்தில் வந்தது 2013ல். தகராறு ஆரம்பித்தது 2014 கடைசியில். தமிழில் இருந்த நான்கு வருஷமும் ஒரு சத்தமும் இல்லை. வங்காளத்தில் அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைச் சொன்ன நீல தர்ப்பணம் நாடகத்துக்கும் இப்படித்தான். தீனபந்து மித்ரா 1860ல் எழுதினார், வங்காளியில் இருந்தவரைக்கும் முதலாளிகளுக்கு உறைக்கவில்லை, ஆங்கிலத்தில் வந்ததும் வழக்கு. 1861ல் அதை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு ஒரு மாதம் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கா என்பவர் கட்டினார். எழுதியவரை விட்டுவிட்டார்கள். மொழிபெயர்ப்புதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், இரண்டு கதையும் வேறு வேறு. ஆனால் நம் மொழியில் நமக்குள்ளே பேசிக்கொள்ளும்வரை பெரியவர்கள் காதில் வாங்குவதில்லை, வெளியாள் முன்னால் பேசினால்தான் மானம் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசாங்கம் கையைக்கூட நீட்ட வேண்டியதில்லாத இடங்களும் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் துரை குணா 2014ல் தன் ஊர்ச் சாதிக் கொடுமையை ஒரு சின்னப் புத்தகமாக எழுதியதற்கு ஊரை விட்டே போக வேண்டி வந்தது. அதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1988 மாசிக்கு மறுபடி நாடகம் போட வேண்டும் என்று பையன்கள் வந்தார்கள். ரேஷன் கடையை வைத்து ஒரு கதை மனசில் இருந்தது. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். நான்காவது பக்கத்தில் ஒரு வார்த்தையை நானே அடித்தேன். அடுத்த பக்கத்தில் ஓர் ஆளையே அடித்தேன். சிவப்புப் பேனா என் கையில் இல்லை, நீல மையில்தான் அடித்தேன். பத்தாவது பக்கத்தில் நிறுத்திவிட்டு மதுரைக்குப் போய் ஒரு ஸ்பெஷல் நாடகக் குழுவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். பவளக்கொடி நாடகம். அதற்கு எழுதிய வசனம் கிடையாது, அவரவர் மேடையில் பேசிக்கொள்வார்கள், அதனால் ஸ்டேஷனில் யாரும் நோட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி பபூன் மட்டும் பேச்சோடு பேச்சாக, உங்க ஊர்க் கண்மாயில மண்ணை எல்லாம் அள்ளி வானத்துல கொட்டிட்டாங்களாமே என்று ஒரு வார்த்தை விட்டார். யார் சொன்னார்களோ தெரியாது. கூட்டம் கைதட்டிச்சு. அந்த ஒரு வரி போதும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள், நானும் போய்விட்டேன். அதற்குப் பிறகு நான் நாடகம் எழுதவில்லை.

இதனால்தான் உங்கள் கட்டுரையாளர் சொன்ன அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் எண்ணுவது தப்பித்து வந்த எழுத்துகளை. பாரதிக்குப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரி பக்கத்தில் இருந்தது. பெருமாள்முருகனுக்குத் தீர்ப்பு வந்தது, திரும்ப எழுத வந்தார். பத்தாவது பக்கத்தில் நின்றுபோனவற்றை யாரும் எண்ண முடியாது, ஏனென்றால் அவை இல்லை. என் ரேஷன் கடை நாடகம் பெரிய இலக்கியமாக வந்திருக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவன் எங்கள் தாலுகாவிலேயே பத்துப் பேர் இருந்திருப்பான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2013க்கு முன்னால் நாடகம் போட்டவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள், என் வயதும் அதற்கு மேலும். போலீஸ் சீல் விழுந்த, அடித்துத் திருத்திய நாடக நோட்டுகள் அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும். மகன் வீட்டை இடித்துக் கட்டும்போது அவை பழைய பேப்பர் கடைக்குப் போகும். உங்கள் பக்கத்தில் ஒரு சின்ன அறிவிப்புப் போட்டு, வைத்திருப்பவர்கள் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எதை அடித்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தாலே, எந்த வருஷம் எந்த வார்த்தைக்குப் பயந்தார்கள் என்று தெரிந்துவிடும், அதற்குத் தனியாக ஆராய்ச்சி வேண்டாம்.

நான் கொடுத்த இரண்டு காப்பியில் ஒன்று ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது, திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னொன்று என்னிடம் இருக்கிறது. கரையான் அரித்தது போக இருபத்திரண்டு பக்கம் மிச்சம். கிழவி படிக்கும் கணக்கு சிவப்புக் கோட்டுக்கு அடியில் இப்போதும் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது. நீங்கள் ஆரம்பித்தால் முதலில் அதை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய நாடகக்காரன்,
திருமங்கலம்.